சிறு குழந்தையும் கேளிக்கைப் பூங்காவும்

கோடை விடுமுறையில் திருச்சி, சேலம், வேலூர்ப் பக்கத்திலிருந்து உறவினர்கள் வந்து இறங்கினால், நம் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி, 'எங்கே அழைத்துப் போகலாம்?' என்பதுதான். லால்பாக், கப்பன் பூங்கா, இஸ்கான் கோயில் என்று ஒரு சுற்று முடிந்ததும், பிள்ளைகள் கேளிக்கைப் பூங்காவின் பெயரைச் சொல்லி அடம் பிடிப்பார்கள். வேன் ஒன்று பேசப்படும். எழுபது வயதுப் பாட்டி முதல் இரண்டு வயதுப் பேரக்குழந்தை வரை அத்தனை பேரும் அதில் ஏறுவார்கள்.

அந்த வேனில் ஏறும் ஆகச் சிறிய பயணியைப் பற்றியதுதான் இக்கட்டுரை. ஒன்றரை வயது முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைக்குக் கேளிக்கைப் பூங்காவில் எது பொருந்தும், எது பொருந்தாது, ஏன் பொருந்தாது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் அந்த நாள் எல்லோருக்கும் நல்ல நாளாக அமையும். நான் மருத்துவன் அல்லன். இருப்புப்பாதைப் பராமரிப்புப் பிரிவில் 37 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற டிப்ளமோ பொறியாளன். ஓடும் சக்கரம், வளைவு, தடுப்பு, பிரேக் ஆகியவற்றோடு வாழ்ந்தவன் என்ற முறையிலும், இரண்டேகால் வயதுப் பேத்தியின் தாத்தா என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

ரயிலுக்குப் பிறந்த பிள்ளை

கேளிக்கைப் பூங்காவின் பெரிய விளையாட்டுகள் பல, ரயில்வேயின் வழியில் பிறந்தவை என்பது வாசக அன்பர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் மாச் சங்க் என்ற ஊரில், மலையிலிருந்து நிலக்கரியைக் கீழே கொண்டுவர 1827-இல் ஓர் இருப்புப்பாதை போட்டார்கள். வண்டிகள் இறக்கத்தில் தாமாகவே உருண்டு வரும். காலி வண்டிகளை மேலே இழுத்துச் செல்லும் கோவேறு கழுதைகளும் இறங்கும்போது ஒரு வண்டியில் ஏறிச் சவாரி செய்து வந்தன! கழுதை அனுபவித்த இன்பத்தை மனிதன் விடுவானா? பிற்காலத்தில் காசு கொடுத்து அதில் உருண்டு வரக் கூட்டம் கூடியது. 1884-இல் லாமார்க்கஸ் தாம்சன் என்பவர் நியூயார்க் அருகே கோனி தீவில் இதே தத்துவத்தில் ஓர் உல்லாசப் பாதையை அமைத்தார். அதன் வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவுதான். இன்றைய ரோலர் கோஸ்டரின் முன்னோடி அது.

1893-இல் சிகாகோ பொருட்காட்சியில் 264 அடி உயர ராட்சத ராட்டினத்தை நிறுவிய ஜார்ஜ் பெர்ரிஸ், ரயில் பாலங்களில் அனுபவம் பெற்ற பொறியாளர். 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தைச் சுற்றி ஒரு நீராவி ரயில் ஓடுகிறது. அதை உருவாக்கிய வால்ட் டிஸ்னி, தம் வீட்டுத் தோட்டத்திலேயே சிறு ரயில் ஓட்டி மகிழ்ந்தவர்.

நம் நாட்டில் மும்பை எஸ்ஸெல் வேர்ல்டு 1989-இலும், தாம்பரம் அருகே கிஷ்கிந்தா 1995-இலும் திறக்கப்பட்டன. பெங்களூருக்கு, மைசூர் சாலையில் பிடதி அருகே, வொண்டர்லா 2005-இல் வந்தது. கொச்சியில் 2000-இல் வீகாலாந்து என்ற பூங்காவைத் தொடங்கிய அதே குழுமத்தார் நடத்துவது இது. நகரிலிருந்து சுமார் 28 கிலோமீட்டர். நம்மவர்களில் பெரும்பாலோர் 'பூங்காவுக்குப் போகிறோம்' என்றால் இன்று இங்கேதான் போகிறார்கள்.

பூர்விகத்தை இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. ரயில்வேயில் உள்ள விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருப்பது போல, இந்த விளையாட்டுகளின் வாசலில் எழுதி வைத்திருக்கும் விதிகளுக்குப் பின்னாலும் காரணம் இருக்கிறது.

அந்த உயரக்கோல் எதற்கு?

ரயிலில் குழந்தையின் வயதுதான் கணக்கு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காத வரை டிக்கெட் வேண்டியதில்லை. கேளிக்கைப் பூங்காவில் வயது கணக்கில்லை; உயரம்தான் கணக்கு. வொண்டர்லாவில் 85 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் 140 சென்டிமீட்டர் வரை குழந்தை டிக்கெட். விதிகளும் கட்டணமும் மாறக்கூடியவை என்பதால் புறப்படுமுன் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, இரண்டு வயதில் ஆண் குழந்தையின் நடுத்தர உயரம் சுமார் 87 சென்டிமீட்டர். பெண் குழந்தையின் உயரம் சுமார் 86. மூன்று வயதில் அது முறையே 96, 95 என்று ஆகிறது. ஆகவே இரண்டு வயதை ஒட்டி நம் குழந்தை டிக்கெட் வாங்க வேண்டிய உயரத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் பெரிய விளையாட்டுகளில் ஏறும் உயரத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். குழந்தை டிக்கெட் என்றால் பாதி விலை இருக்கும் என்று நினைத்தும் போகாதீர்கள். கொடுக்கும் பணத்துக்கு எல்லாவற்றிலும் ஏற்றிவிட வேண்டும் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் பெற்றோர் மனத்தில் புகுகிறது. சங்கடமும் இங்கேதான் ஆரம்பம்.

ஒரு பூங்காவில் நானே கண்ட காட்சி இது. கோல் அருகே குழந்தையை நிறுத்திய தந்தை, 'எக்கி நில்லடா கண்ணா' என்று காதில் சொல்கிறார். தாய், தடித்த அடி வைத்த ஷூவைப் போட்டு அழைத்து வருகிறார். பணியாளர் மறுத்ததும், 'இரண்டு அங்குலம்தானே, நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்' என்று வாக்குவாதம். வரிசையில் நிற்பவர்களும், 'விடப்பா, குழந்தை ஆசைப்படுகிறது' என்று பரிந்து பேசுகிறார்கள். எல்லோரும் நல்லவர்கள், குழந்தைமேல் உண்மையான அன்பு உடையவர்கள். ஆனால் அங்கே குழந்தைக்கு உண்மையான உதவி செய்தவர் 'முடியாது' என்று சொன்ன அந்த ஊழியர் ஒருவர்தான்.

கூட்ஸ் யார்டுகளில் லோடிங் கேஜ் என்று ஒரு சட்டம் நிறுத்தியிருப்பார்கள். சரக்கு ஏற்றிய திறந்த வேகன் அதற்குள் உரசாமல் நுழைந்து வர வேண்டும். உரசினால் அந்த வேகன் வண்டியில் சேராது. 'ஓர் அங்குலம்தானே' என்று அங்கே யாரும் வாதாடுவதில்லை. வழியில் இருக்கும் பாலமும் சுரங்கமும் வாதத்தைக் கேட்டு விலகிக் கொடுக்கப் போவதில்லை. பூங்காவின் உயரக்கோலும் ஒரு லோடிங் கேஜ்தான். அந்த இருக்கையும் அந்தத் தடுப்பும் எந்த அளவு உடலுக்காகச் செய்யப்பட்டனவோ, அந்த அளவை அது காட்டுகிறது.

மடியில் வைத்துக்கொண்டால் என்ன?

இது நம் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. பேருந்திலும் ரயிலிலும் மடியில் வைத்துப் பழகிய நமக்கு இது இயல்பாகவே தோன்றும். இதற்கு விடையை மூன்று பகுதியாகச் சொல்கிறேன்.

முதலாவது, தடுப்பு. பல விளையாட்டுகளில் தொடைமேல் ஓர் இரும்புத் தண்டு இறங்கிப் பூட்டிக்கொள்ளும். இருவருக்கும் பொதுவான தண்டாக இருந்தால், தடித்த தொடை எதுவோ அதில் தட்டி அது நின்றுவிடும். பெரியவருக்கு அது இறுக்கமாக இருக்கும். பக்கத்தில் உள்ள குழந்தைக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். குழந்தை வழுக்கி வெளியேற அது போதும். பூட்டு சரியாகத்தான் இருக்கும். ஆனால் பூட்டியது பெரியவரைத்தான்.

இரண்டாவது, கைப்பிடியின் பலம். இரண்டு வயதுக் குழந்தையின் எடை சுமார் 12 கிலோ. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அரை விநாடியில் நின்றால், குழந்தையை முன்னே தள்ளும் விசை அதன் எடையைப் போல் இரண்டு மடங்கு, அதாவது 24 கிலோ பளுவுக்குச் சமம். அந்த அரை விநாடியில் நம் உடம்பே முன்னே சாயும். கையோ நம்மைக் காப்பாற்றிக்கொள்ளக் கம்பியைத் தேடும். அன்பு எவ்வளவு இருந்தாலும் கைக்கு ஓர் அளவுதான் பலம்.

மூன்றாவது, குழந்தையின் உடலமைப்பு. பிறந்த குழந்தையின் உயரத்தில் தலை மட்டும் நான்கில் ஒரு பங்கு. இரண்டு வயதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நமக்கோ எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல். பெரிய தலையை, இன்னும் உறுதிப்படாத கழுத்து தாங்குகிறது. பளு மேலே இருப்பதால் குழந்தை எளிதில் தலைகுப்புறச் சாயும். நமக்கு உற்சாகமாகத் தோன்றும் திடீர்க் குலுக்கல், அந்தக் கழுத்துக்குப் பெரும் சோதனை.

ஆகவே கோலின் உயரத்தை எட்டாத குழந்தையை எந்தத் தந்திரத்தாலும் ஏற்ற முயல வேண்டாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் பெரியோர். ஆழத்தை அளந்து எழுதியே வைத்திருக்கும்போது நாம் ஏன் காலை விட வேண்டும்?

எதில் ஏற்றலாம்?

குழந்தைக்கு ஏற்றவையும் பூங்காவில் உண்டு. குடை ராட்டினம், சிறு ரயில், மெதுவாக ஏறி இறங்கும் சிறு விமானங்கள், கிண்ணம் போலச் சுற்றும் சிறுவர் விளையாட்டுகள் ஆகியவை. இவற்றிலும் பலகையைப் படித்து, பெரியவர் துணையோடு ஏற அனுமதி உண்டா என்று பார்த்த பின்பே ஏற்ற வேண்டும்.

குடை ராட்டினத்தில் எந்தக் குதிரையில் உட்கார வைக்கலாம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு நான்கு சுற்றுச் சுற்றும் ராட்டினத்தில், நடுவிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி உள்ள குதிரை விநாடிக்கு 2.1 மீட்டர் வேகத்தில் ஓடும். மூன்று மீட்டர் தள்ளி உள்ள குதிரை 1.26 மீட்டர் வேகத்தில், அதாவது நாம் நடக்கும் வேகத்தில் போகும். ஆகவே சிறு குழந்தைக்கு உள்வரிசையும், மேலும் கீழும் ஏறி இறங்காத நிலையான இருக்கையுமே சிறந்தவை. பெரியவர் வெளிப்பக்கமாக, குழந்தையை ஒட்டி நிற்க வேண்டும். சுற்றும்போது உடல் தள்ளப்படுவது வெளிப்பக்கமாகத்தான்.

இருப்புப்பாதை வளைவுகளில் வெளித்தண்டவாளத்தைச் சற்று உயர்த்தி வைப்போம். அதற்குக் கணக்குப் போடும்போது நாங்கள் முதலில் படிக்கும் பாடம், வேகம் இரட்டித்தால் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பது. மெதுவாகச் சுற்றுவதற்கும் சற்று வேகமாகச் சுற்றுவதற்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. குழந்தையின் உடலுக்குத் தெரியும்.

குழந்தை அழுதால் வற்புறுத்த வேண்டாம். 'ஏறினால் பயம் தெளியும்' என்று தூக்கி உட்கார வைப்பதைப் பார்த்திருக்கிறேன். மூன்று வயதுக் குழந்தைக்கு, இறங்க முடியாத இடத்தில் மூன்று நிமிடம் என்பது நெடுநேரம். ஒரு முறை வெளியே நின்று மற்றவர்கள் சுற்றுவதைப் பார்க்கட்டும், கையசைக்கட்டும். அதன் பிறகு தானே கேட்கும். கேட்கவில்லை என்றாலும் குடி முழுகிவிடாது.

நீர் விளையாட்டு

சிறு குழந்தைக்கு மிக அதிக இன்பம் தருவதும், மிக அதிக ஆபத்து உள்ளதும் நீர்தான். குழந்தை மூழ்கச் சில அங்குல நீர் போதும். அது கூச்சல் போட்டுக் கையை அடித்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம், சினிமாவில்தான் அப்படி. உண்மையில் பெரும்பாலும் சத்தமே இல்லாமல் சில விநாடிகளில் நடந்துவிடும். ஆகவே நீரில் இருக்கும்வரை குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணுக்கெட்டும் தூரம் போதாது. அலை எழும் குளத்துக்குள் இவ்வயதுக் குழந்தையைக் கொண்டுபோகவே வேண்டாம். கணுக்கால் அளவு நீர் உள்ள சிறுவர் குளமே அதற்குக் கடல்.

பத்துப் பேர் உள்ள குடும்பத்தில் குழந்தை தவறுவது எப்படி? 'நீ பார்த்துக்கொள்வாய் என்று நான் இருந்தேன், நான் பார்த்துக்கொள்வேன் என்று நீ இருந்தாய்' என்பதுதான் வழக்கமான விடை. இதற்கு ரயில்வேயில் ஒரு நல்ல முறை உண்டு. ஒற்றை வழிப்பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாமல் இருக்க டோக்கன் முறையை வைத்திருந்தோம். கருவியிலிருந்து எடுக்கும் ஓர் இரும்பு உருண்டை ஓட்டுநர் கையில் வந்தால்தான் அவர் அடுத்த ஸ்டேஷன் வரை வண்டியைச் செலுத்தலாம். ஒரு சமயத்தில் ஓர் உருண்டைதான் வெளியே வரும். பொறுப்பு யாரிடம் என்பதில் ஐயத்துக்கே இடமில்லை.

எங்கள் வீட்டில் இந்த முறையைக் கடைப்பிடிக்கிறோம். பேத்தியின் சிறிய தண்ணீர்ப் பாட்டில்தான் டோக்கன். அது யார் தோளில் தொங்குகிறதோ, அவர்தான் குழந்தைக்குப் பொறுப்பு. அவர் தொலைபேசியை எடுக்கக் கூடாது. புகைப்படம் பிடிக்கக் கூடாது. வேறு பேச்சில் ஈடுபடக் கூடாது. களைத்துப்போனால் பாட்டிலை இன்னொருவர் தோளில் மாட்டி, 'குழந்தை உன்னிடம்' என்று வாய்விட்டுச் சொல்லி, அவர் 'சரி' என்று பதில் சொன்ன பிறகே விலக வேண்டும். முதலில் என் மருமகள் சிரித்தாள். இப்போது திருமண வீட்டிலும் கோயில் கூட்டத்திலும் அவளே இதைப் பின்பற்றுகிறாள்.

நீர் விளையாட்டுகளுக்கு நைலான் போன்ற செயற்கை இழை உடைகளையே அனுமதிக்கிறார்கள். பருத்தி உடை நீரை உறிஞ்சிக் கனக்கும். அதன் இழைகள் பிரிந்து வடிகட்டிகளை அடைக்கும். புடவை உடுத்திய பாட்டிமார்கள் இதனால் கரையில் தங்குவார்கள். வருத்தப்பட வேண்டாம், கரையில் ஒரு நிதானமான கண் இருப்பது குழந்தைக்கு நல்லதே.

சாதாரண டயாப்பர் நீரை உறிஞ்சி ஊதிவிடும். நீச்சலுக்கென்று தனி வகை விற்கிறது. அது மலத்தைத் தடுக்குமே தவிர சிறுநீரைத் தடுக்காது. ஆகவே அடிக்கடி வெளியே அழைத்துப்போய்ச் சுத்தம் செய்ய வேண்டும். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைக் குளத்தில் இறக்கவே கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர், குளோரின் கலந்த நீரிலும் பல நாள் உயிரோடு இருக்கும். நம் குழந்தையால் ஊரார் குழந்தைக்கு நோய் வரக் கூடாது அல்லவா?

பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெயில் இருந்தாலும் தண்ணீர் குளிர்ந்தே இருக்கும். சிறிய உடல் நம்மைவிட விரைவாகச் சூட்டை இழக்கும். உதடு நீலம் பாய்ந்தாலோ நடுங்கினாலோ, எவ்வளவு அடம் பிடித்தாலும் தூக்கித் துவட்டி உலர்ந்த உடை மாற்ற வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் இதற்கு நேர்மாறு. முற்பகல் பதினொன்று முதல் பிற்பகல் மூன்று வரை நிழலில் வைத்திருங்கள். சுட்ட தரையில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள்.

அரை நாள் போதும்

ஒன்று முதல் இரண்டு வயது வரை உள்ள குழந்தைக்கு நாளொன்றுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறார்கள். மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம். காலை ஆறு மணிக்கு எழுப்பி இரவு எட்டு மணிக்கு வீடு சேர்த்தால் அந்தத் தூக்கம் எங்கே போகும்? அழுகையாகத்தான் திரும்பி வரும். ஆகவே குழந்தையோடு போகிறவர்கள் வாசல் திறக்கும்போதே உள்ளே இருந்து, மதிய உணவு முடிந்ததும் ஒருவரோ இருவரோ அதை அழைத்துக்கொண்டு திரும்பிவிட ஏற்பாடு செய்துகொள்வது நலம். மற்றவர்கள் இருந்து மகிழட்டும். அல்லது நிழலான ஓரிடத்தில் விரிப்பு விரித்து, பேரிரைச்சல் போடும் ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி, ஒன்றரை மணி நேரம் தூங்க வைக்கலாம். சனி, ஞாயிறு, தசரா, கிறிஸ்துமஸ் விடுமுறை நாட்களைத் தவிர்த்து வேலை நாளில் போனால் வரிசையில் நிற்கும் நேரமும் மிச்சம்.

பெங்களூர்–மைசூர் ரயில் பாதையில் கெங்கேரி, ஹெஜ்ஜாலாவை அடுத்து வருவது பிடதி. பாசஞ்சர் வண்டியில் போய் இறங்கி ஆட்டோ பிடித்தால் பூங்கா தூரமில்லை. ரயில்காரன் என்பதால் சொல்லவில்லை. வேன் இருக்கையில் அடைபடுவதைவிட ஜன்னலோரத்தில் நின்று மாடு, ஏரி, எதிர் வண்டி என்று பார்த்து வருவது குழந்தைக்கு இன்னொரு விளையாட்டு. பிடதியின் தட்டை இட்லி பெயர் பெற்றது. மெத்தென்ற அந்த இட்லியைவிடக் குழந்தைக்கு ஏற்ற வெளியூர் உணவு வேறென்ன?

பெரும்பாலான பூங்காக்கள் வெளி உணவை அனுமதிப்பதில்லை. குழந்தை உணவுக்கு விலக்கு உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பாப்கார்ன், வேர்க்கடலை, முழுத் திராட்சை ஆகியவற்றை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்; ஓடிக்கொண்டே தின்னும்போது மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும்.

தொலைந்து போனால்

இது நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழர்கள் தனியாகச் சிந்திக்க வேண்டிய விஷயம். வீட்டில் தமிழ் மட்டும் பேசி வளரும் இரண்டரை வயதுக் குழந்தையிடம் பூங்கா ஊழியர் கன்னடத்தில் பெயர் கேட்டால் என்ன சொல்லும்? 'பாப்பா' என்று சொல்லும். 'அம்மா பேர் என்ன?' என்றால் 'அம்மா' என்று சொல்லும். ஆகவே குழந்தையின் உடையின் உட்புறத்தில் ஒரு துணிச்சீட்டைத் தைத்து, நீரில் அழியாத மையால் இரண்டு தொலைபேசி எண்களையும், 'இவ்வெண்ணில் அழையுங்கள்' என்பதைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி விடுங்கள். குழந்தையின் பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். உள்ளே நுழைந்ததும் குழந்தையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால், அன்று போட்டிருக்கும் உடையின் நிறத்தைப் பதற்றத்தில் மறந்தாலும் படம் சொல்லும். காணவில்லை என்றால் முதலில் நீர்நிலைகளின் பக்கம் ஓடிப் பாருங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் வாசல் காவலரிடம் சொல்லட்டும். குழந்தைகள் உதவி எண் 1098. அவசர உதவிக்கு 112.

பொருட்காட்சி ராட்டினங்கள்

பூங்காவுக்குப் போக முடியாதவர்கள் பசவனகுடி கடலைக்காய்த் திருவிழாவிலும், மைதானங்களில் வந்திறங்கும் பொருட்காட்சிகளிலும் ராட்டினம் ஏறுகிறார்கள். நாமெல்லாம் ஊர்த் திருவிழாவில் தொட்டில் ராட்டினம் ஏறி வளர்ந்தவர்கள்தானே! ஆனால் சில நாட்களில் பூட்டி, சில நாட்களில் பிரித்து, லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்குப் போகும் இயந்திரம் அது. நிரந்தரப் பூங்காவாக இருந்தாலும் பராமரிப்புக் குறைந்தால் விபத்துதான். 2019 ஜூலை 14 அன்று அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊஞ்சல் போல் ஆடும் பெரிய விளையாட்டு ஒன்று முறிந்து விழுந்து இருவர் இறந்தனர், பலர் காயமடைந்தனர்.

டிக்கெட் வாங்குமுன் இரண்டு நிமிடம் நின்று கவனியுங்கள். அடித்தளக் கட்டைகள் உறுதியான தரையில் இருக்கின்றனவா, மழையில் சேறாகி அமிழ்ந்திருக்கின்றனவா? சுற்றும்போது தூண்கள் ஆடுகின்றனவா? கதவுகளின் கொக்கிக்குப் பதில் கயிறோ கம்பியோ கட்டியிருக்கிறதா? மின்கம்பிகள் ஈரத்தரையில் கிடக்கின்றனவா? ஒவ்வொரு முறையும் ஊழியர் கைவைத்து ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்க்கிறாரா? ஒன்றில் சந்தேகம் வந்தாலும், கையால் சுற்றும் சின்ன ராட்டினத்தோடு திருப்திப்பட்டு, பஞ்சுமிட்டாய் வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.

நகருக்குள்ளேயே இருக்கிறது

இவ்வளவு ஏற்பாடும் வேண்டாம் என்பவர்களுக்கு, சிறு குழந்தை மகிழ நம் நகரிலேயே இடங்கள் உண்டு. கப்பன் பூங்காவின் பால பவனில் ஓடும் சிறு ரயில் பெங்களூர்க் குழந்தைகள் பல தலைமுறையாக அறிந்தது. அவ்வப்போது பழுதுபார்க்க நிறுத்துவார்கள் என்பதால் விசாரித்துப் போகவும். கஸ்தூர்பா சாலையில் 1962-இல் திறக்கப்பட்ட விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம், சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு நல்லது. பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மைசூர் வரை போகிறவர்கள் 1979-இல் தொடங்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். அசையாமல் நிற்கும் நீராவி எஞ்சினின் சக்கரத்துக்கு அருகே தன் உயரத்தை அளந்து பார்ப்பதில் குழந்தைக்குக் கிடைக்கும் ஆச்சரியம், எந்த ராட்டினத்துக்கும் குறைந்ததில்லை.

இவ்வயதுக் குழந்தை பூங்காவில் எதை விரும்புகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரிய விளையாட்டைத் தாண்டிப் போய், குழாயிலிருந்து சொட்டும் நீரைக் கையில் பிடிக்கும். சரளைக் கல்லைப் பொறுக்கும். வேறொரு குழந்தையின் பலூனைப் பார்த்துக்கொண்டே நிற்கும். 'இவ்வளவு செலவு செய்து வந்து கல்லையா பொறுக்குவது?' என்று இழுத்துக்கொண்டு ஓடுவது நாம்தான். அது கல் பொறுக்கட்டும். நாமும் பக்கத்தில் உட்காருவோம்.

இன்று கோலுக்குக் கீழே நிற்கும் தலை சில ஆண்டுகளில் தானாகவே அதைத் தாண்டும். அதுவரை ராட்டினம் எங்கும் போய்விடாது. 'இன்னும் கொஞ்சம் வளர்ந்து வா, கண்ணு' என்று ஓர் ஊழியர் உங்கள் குழந்தையைத் திருப்பி அனுப்பினால், அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.